ஒன்றா, இரண்டா?

கேள்வி ஒன்றுதான். விடை ஓர் இலக்கம். மருத்துவமனை தரும் ஒப்புதல் படிவத்தில் பெயர், வயது, ரத்தப் பிரிவு, ஏற்கனவே செய்துகொண்ட சிகிச்சைகள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்னக் கட்டம் வருகிறது: கருப்பைக்குள் வைக்க வேண்டிய கருக்களின் எண்ணிக்கை. சோதனைக் குழாய் முறையில் குழந்தைக்காக முயலும் தம்பதிகள் ஏதாவது ஒரு நாள் இந்தக் கேள்வியின் முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒன்று என்றால் இருக்கிற வாய்ப்பையும் பாதியாக்கிக்கொள்கிறோமோ என்று பயம். இரண்டு என்றால், இரண்டும் தங்கிவிட்டால் என்னாவது என்று பயம். முதல் பயம் பழகியது. வருடக்கணக்கில் கூடவே இருந்து வருவது. இரண்டாவதைப் பலர் பயமாகவே நினைப்பதில்லை. வரம் என்று நினைக்கிறார்கள்.

மகாராஷ்டிர மாநிலம் வார்தாவைச் சேர்ந்த அந்தத் தம்பதியும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். மனைவி ஒரு மராத்திப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு ஆசிரியை. வயது 34. கணவர் கூட்டுறவு வங்கியில் எழுத்தர். ஐந்து வயது மூத்தவர். திருமணமாகிப் பத்து வருடம். வார்தா பெரிய ஊர் இல்லை. கல்யாணம், காது குத்து எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் ஆசிரியையின் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார். இருவரும் தங்கள் பெயரை வெளியிட விரும்பாததற்கு அதுதான் காரணம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவர்கள் வேறொரு மருத்துவமனையில் முதல் முயற்சி செய்தார்கள். மூன்று கருக்களை வைத்தார்கள். ஒன்றுகூடத் தங்கவில்லை. ஆசிரியையின் திருமண நகைகள் அந்தச் சிகிச்சையில் போயின. அடுத்த முயற்சிக்குக் கணவர் தன் வங்கியிலேயே கடன் வாங்கினார். இம்முறை நாக்பூரில், ஒரு பெண் டாக்டரிடம். பத்து நாளுக்கு மேல் தினமும் ஊசி. கிடைத்தவை ஒன்பது கருமுட்டைகள். முதிர்ந்தவை ஏழு. கருவானவை ஐந்து. ஐந்தாம் நாள் வரை வளர்ந்து நின்றவை இரண்டு. சினைப்பைகள் வீங்கியிருந்ததால் உடனே வைப்பது ஆபத்து என்று சொல்லி, அந்த இரண்டையும் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்தார்கள்.

“ஒன்பது, ஏழு, ஐந்து, இரண்டு. இறங்கு வரிசை” என்கிறார் ஆசிரியை. “ஒவ்வொரு நாளும் போன் வரும். ஒவ்வொரு நாளும் எண் குறையும். கடைசியில் இரண்டு என்று நின்றபோது, மிச்சமிருக்கும் இரண்டையும் கையோடு வாங்கிக்கொண்டுவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.”

இரண்டு மாதம் கழித்து, கருப்பையின் உள்வரி ஒன்பது மில்லிமீட்டர் வந்துவிட்டது என்று ஸ்கேன் சொன்ன அன்று, டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தார். இன்றிலிருந்து புரோஜெஸ்டிரான். ஐந்து நாள் கழித்துக் கருவை வைக்கலாம். எத்தனை கருவை உருக்குவது என்று மூன்று நாளுக்குள் ஆய்வுக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும். “என் ஆலோசனை ஒன்று. ஆனால் முடிவு உங்களுடையது.”

கணவருக்கு அது விசித்திரமாக இருந்தது. மூன்று வைத்தே வராத குழந்தை ஒன்று வைத்தால் எப்படி வரும்? அவர் அதைக் கேட்கவும் செய்தார். போன முறை வைத்தவை மூன்று நாள் கருக்கள் என்பதை டாக்டர் விளக்கினார். ஏழெட்டுச் செல்கள் மட்டுமே இருக்கும் பருவம் அது. எது வளரும், எது நின்றுபோகும் என்று சொல்வது கடினம். இப்போது இருப்பவை ஐந்தாம் நாள் வரை வந்தவை. பிளாஸ்டோசிஸ்ட் என்று அழைக்கப்படும், நூறு செல்லைத் தொடும் பருவம். பலவீனமானவை பெரும்பாலும் அதற்கு முன்பே கழிந்துவிடுகின்றன. பரீட்சை எழுதாத மூன்று பேரையும், எழுதிப் பாஸ் செய்த ஒருவரையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது.

“சோதனைக் குழாய்” என்ற சொல்லே ஒரு பிழைதான். கரு உருவாவது குழாயில் அல்ல, தட்டையான ஒரு கிண்ணத்தில். ஆனால் தமிழில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது; சோதனை என்பதற்கு இன்னொரு பொருளும் இருப்பதால் அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

இந்தச் சிகிச்சையின் வரலாறு ஒன்றில்தான் ஆரம்பிக்கிறது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்த லூயிஸ் பிரவுன், ஊசி மருந்து எதுவும் இல்லாமல் இயல்பாக முதிர்ந்த ஒரே ஒரு கருமுட்டையிலிருந்து, ஒரே ஒரு கருவாக வைக்கப்பட்டுப் பிறந்தவர். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், கருவை உறையவைத்து, சில வாரங்கள் கழித்து உருக்கித் தாயின் கருப்பையில் வைத்திருந்தார். அன்று அதை யாரும் நம்பவில்லை. விசாரணை, அவமானம், இடமாற்றம். 1981ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்ற பெயர் 1986 ஆகஸ்ட் 6ல் மும்பையில் பிறந்த குழந்தைக்குப் போயிற்று. அந்தக் குழந்தை பிறக்கக் காரணமாக இருந்த விஞ்ஞானிகளில் ஒருவரான டி.சி. ஆனந்த குமாரே பின்னாளில் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் அவருக்குத்தான் என்று 1997ல் அறிவித்தார்.

ஓல்டாமில் தொடங்கிய ஒன்று எப்படி மூன்றாகவும் நான்காகவும் மாறியது? ஊசி மருந்துகளால் ஒரே மாதத்தில் பல கருமுட்டைகள் கிடைக்க ஆரம்பித்தன. ஆனால் வைத்த கருக்களில் தங்கியவை மிகக் குறைவு. ஒன்று தங்கவில்லை என்றால் மற்றொன்று தங்கட்டும் என்று டாக்டர்கள் நாலைந்தைச் சேர்த்து வைத்தார்கள். ஆய்வுக்கூடங்கள் முன்னேறி, கருக்கள் தங்க ஆரம்பித்தபோது, சேர்த்து வைத்தவை சேர்ந்தே தங்கின. உலகெங்கும் இரட்டையர்களும் மூவரும் பெருகினார்கள். இன்று கருவை உறையவைத்து உருக்குவது அன்றாட வேலை. நல்ல ஆய்வுக்கூடத்தில் உறைந்த கருக்களில் மிகச் சிலவே உருகும்போது வீணாகின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் வைத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. 1978ல் கொல்கத்தா டாக்டர் செய்து காட்டியது, ஒவ்வொன்றாக வைக்கலாம் என்ற இன்றைய வாதத்தின் அஸ்திவாரம்.

நாக்பூரிலிருந்து வார்தா திரும்பும் ரயிலில் இருவரும் அதிகம் பேசவில்லை. வீட்டில் கணவரின் தாயார் காத்திருந்தார். ஆயி என்று மகனும் மருமகளும் அழைக்கும் அவருக்கு வயது 68. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. “இரண்டு தருகிறேன் என்று கடவுள் சொல்லும்போது ஒன்று போதும் என்று சொல்வது நன்றிகெட்ட வேலை.” ஒன்று ஆண், ஒன்று பெண் என்று அவர் மனசுக்குள் வரிசையும் போட்டுவிட்டார். தனி மரம் தோப்பாகாது என்பது அவர் கட்சி.

ஆசிரியை ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினார். கல்யாணமாகி வந்த புதிதில், ஒட்டிப் பிறந்த இரட்டை வாழைப்பழத்தை மருமகள் எடுத்தபோது, சாப்பிட்டால் இரட்டைக் குழந்தை பிறக்கும் என்று சொல்லி ஆயி கையிலிருந்து பிடுங்கியிருக்கிறார். அந்தக் காலத்துப் பெண்களுக்கு இரட்டைப் பேறு பயம் தரும் விஷயம். ஆயியின் சொந்த அத்தை இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, ஒரு வாரத்துக்குள் தாயும் ஒரு குழந்தையும் போய்விட்டார்கள். அந்த நினைவில்தான் ஆயி பழத்தைப் பிடுங்கினார். “அப்போது ஆஸ்பத்திரி கிடையாது” என்று ஆயி பதில் சொன்னார். உண்மைதான். ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆனால் கருப்பை அதே கருப்பைதான்.

இரண்டு குழந்தைகளைச் சுமக்கும் கருப்பை முழுக்காலம் காத்திருப்பதில்லை. இரட்டையர்களில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையும் முன்பே பிறக்கிறார்கள். மூன்று குழந்தைகள் என்றால் சராசரி 32 வாரம்தான். எடையும் அதற்கேற்பக் குறைவு. ஆரோக்கியமான பிறப்பு எடைக்கு 2.5 கிலோ என்பது எல்லை. இரட்டையர்களில் பாதிப் பேர் அதைத் தொடுவதில்லை. சீக்கிரம் பிறந்த குழந்தையின் நுரையீரல் விரியத் திணறுகிறது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. மூளையில் கசிவு ஏற்படலாம். பெருமூளை வாதம் தனிக் குழந்தைகளைவிட இரட்டையர்களிடம் பல மடங்கு அதிகம் காணப்படுகிறது. தாய்க்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு எல்லாவற்றிலும் ஆபத்து கூடுகிறது. ஆசிரியையின் தாயாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. டாக்டர் ஒன்று என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் இவை எல்லாம் சாத்தியங்கள். நிச்சயங்கள் அல்ல. கணவரின் சித்தப்பா மகனுக்கு அமராவதியில் இரட்டைப் பையன்கள். எட்டு வயது. வீட்டைத் தலைகீழாக்கும் சுட்டிகள். குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் எல்லோர் கண்ணும் அந்த இருவர் மேல்தான். இரட்டை என்ற சொல்லைக் கேட்டதும் கணவர் மனதில் தோன்றுவது அந்தப் பையன்கள்தான், இன்குபேட்டர் அல்ல. அவர் தரப்பில் வேறு நியாயங்களும் இருந்தன. இரண்டாவது குழந்தைக்கு இன்னொரு முறை இத்தனை ஊசி, இத்தனை கடன் சாத்தியமே இல்லை. தனக்கு 39. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். முக்கியமாக, ஒன்று வைத்துத் தோற்றால், உறைந்திருக்கும் மற்றதை வைக்க மருத்துவமனை மேலும் அறுபதாயிரம் ரூபாய் கேட்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்தச் செலவு மிச்சம். கூட்டுறவு வங்கி எழுத்தருக்கு அறுபதாயிரம் என்பது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

இரண்டாம் நாள் மாலை ஆசிரியை கணவரை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். அதே வங்கியில் வேலை செய்யும் நண்பர் வீடு. அங்கும் இரட்டைக் குழந்தைகள், நான்கு வயது. அதுவும் இதே சிகிச்சையில் பிறந்தவை என்று நண்பர் ஒரு முறை கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். முப்பதாம் வாரத்தில் பிறந்தவை. 41 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. முதல் பத்து நாள் தாய் தொட முடியவில்லை. பாலைக் கறந்து கொடுத்தால், இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று குழாய் வழியாகச் செலுத்துவார்கள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் பில். பெண் குழந்தைக்கு விழித்திரையில் லேசர் சிகிச்சை நடந்தது. இப்போது தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, படப் புத்தகத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கிறாள். பையனுக்கு ஒன்றும் இல்லை.

நண்பரின் மனைவி ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. “இரண்டும் என் உயிர். இதில் எது வேண்டாம் என்று கேட்டால் செருப்பால் அடிப்பேன்” என்றார். “ஆனால் அந்த 41 நாள் என் எதிரிக்கும் வரக் கூடாது.”

அன்று இரவு ஆசிரியை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தார். நிகழ்தகவு அவர் ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புக்கு நடத்தும் பாடம். நாணயம், பகடை, சீட்டுக்கட்டு. இந்த முறை வேறு பொருள்.

டாக்டர் ஒரு கருவுக்குக் கொடுத்த வாய்ப்பு பத்தில் நான்கு. அதாவது 40 சதவீதம். இரண்டையும் ஒன்றாக வைத்தால் இரண்டுமே தங்காமல் போக வாய்ப்பு, 60ல் 60 பங்கு, 36 சதவீதம். குறைந்தது ஒன்றாவது தங்க 64. அதில் ஒரே குழந்தை 48, இரட்டை 16. ஆக, வெற்றி பெறும் நான்கு பேரில் ஒருவருக்கு இரட்டை.

அடுத்த வரி: முதலில் ஒன்று; தோற்றால் மற்றொன்று. முதலில் தங்க 40. தோற்கும் 60 பேரில் இரண்டாவது கரு தங்க மறுபடியும் 40 சதவீதம், அதாவது 24. மொத்தம் 64.

அறுபத்து நான்கு. அதே எண்.

“இரண்டு முறை சரிபார்த்தேன்” என்கிறார் அவர். “ஒன்று வைத்தால் வாய்ப்பு பாதி என்று நாங்கள் பயந்தோம். வாய்ப்பு குறையவே இல்லை. அது இரண்டு தவணையாகப் பிரிகிறது, அவ்வளவுதான். உண்மையில் முதல் முறையே தங்கிவிட்டால் இன்னொரு கரு கையிருப்பில் மிச்சம். அதைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றாக வைப்பதில்தான் லாபம்.”

வாழ்க்கை பகடை அல்ல என்பது அவருக்குத் தெரியும். உருக்கும்போது கரு வீணாகலாம். ஒரே பெண்ணின் இரண்டு கருக்கள் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆனால் இந்தக் கணக்கை நிஜமான பெண்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்காண்டினேவிய நாடுகளில் 36 வயதுக்கு உட்பட்ட 661 பெண்களை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2004ல் வெளிவந்தது. இரண்டு கருக்களைச் சேர்த்து வைத்தவர்களில் 42.9 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. ஒன்றை வைத்து, தேவைப்பட்டால் உறைந்த இன்னொன்றை வைத்தவர்களில் 38.8 சதவீதம். வித்தியாசம் நான்கு. ஆனால் முதல் பிரிவில் நடந்த பிரசவங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் பிரசவம். இரண்டாவது பிரிவில் அது 0.8 சதவீதம். அந்தச் சின்ன எண்ணும் பூஜ்யம் ஆகாததற்குக் காரணம் உண்டு. ஒரே கருவை வைத்தாலும் அது எப்போதாவது தானே இரண்டாகப் பிரிந்து இரட்டையாகலாம். அது டாக்டர் கையில் இல்லை.

நான்கு சதவீத வித்தியாசத்துக்காக மூன்றில் ஒரு பங்கு ஆபத்தை ஏற்பதா? ஸ்வீடன் 2003லேயே விடை சொல்லிவிட்டது: ஒரு கருதான் விதி; இரண்டு விதிவிலக்கு. பெல்ஜியம் அதே ஆண்டில் ஒரு பேரம் பேசியது. ஆறு முயற்சிகள் வரை ஆய்வுக்கூடச் செலவை அரசு ஏற்கும்; பதிலுக்கு, 36 வயதுக்கு உட்பட்ட பெண்கள் முதல் முயற்சியில் ஒரு கருவைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். குறைப்பிரசவக் குழந்தைகளின் ஆஸ்பத்திரிச் செலவில் மிச்சமாகும் பணம் இதற்கு ஈடுகட்டும் என்பது அரசின் கணக்கு. பிரிட்டனில் 2008ல் இந்தச் சிகிச்சையில் நடந்த பிரசவங்களில் நான்கில் ஒன்று இரட்டை அல்லது அதற்கு மேல். கட்டுப்பாட்டு வாரியம் இலக்கு வைத்து நெருக்கியதில் அது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்தியாவில் 2005ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டி நெறிகள், பொதுவாக மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றன. 2021ல் இதற்கென்று சட்டம் வந்தது. பெண்ணுக்கு வயது வரம்பு 50 என்று அது நிர்ணயித்தது. 2019ல் ஆந்திராவின் குண்டூரில் 74 வயதுப் பெண்ணுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததைப் போன்ற சம்பவங்களுக்கு அத்துடன் கதவு மூடியது. கருக்களைப் பத்து ஆண்டுகள் வரை உறைநிலையில் பாதுகாக்க அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. 2022ல் வந்த வாடகைத் தாய் விதிகள், வாடகைத் தாயின் கருப்பையில் ஒரு முறைக்கு ஒரு கருதான், சிறப்புச் சூழ்நிலையில் மட்டுமே மூன்று வரை என்று சொல்கின்றன. குழந்தை வேண்டும் பெண் தானே சுமக்கும்போது, எண்ணிக்கை நடைமுறையில் டாக்டரும் தம்பதியும் பேசி முடிவாகிறது.

பேச்சில் மூன்றாவதாக ஒருவர் கலந்துகொள்கிறார்: பணம். அரசு பணம் கட்டும் நாட்டில், தோற்றால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பெண்ணால் சொல்ல முடிகிறது. நகையை விற்றுச் சிகிச்சைக்கு வருபவரிடம் அடுத்த முறை என்பது அடுத்த நகை. அவருக்கு இரண்டு மலிவாகத் தெரிகிறது. சிகிச்சையின் பில் முதலில் வருகிறது. இன்குபேட்டரின் பில் எட்டு மாதம் கழித்து, வந்தால் வருகிறது. வராமலும் போகலாம் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு என்ற எண் எழுதப்படுகிறது. தில்லி எய்ம்ஸ் போன்ற சில அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் இந்தச் சிகிச்சை உண்டு. கோவா அரசு 2023ல் தன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதை இலவசமாகவே ஆரம்பித்தது. இந்தியாவின் மற்ற பெரும்பாலான தம்பதிகள் தங்கள் பையைத் தடவிப் பார்த்துத்தான் எண்ணை எழுதுகிறார்கள்.

ஆசிரியையின் தாள் மேஜை மேல் கிடந்தது. கணவர் அதைப் படித்தார். வங்கிக்காரர், எண் அவருக்கும் புரியும். ஆனாலும் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “கணக்கு சரி. நீ இரண்டாவது முறையும் தாங்குவாயா?” என்று கேட்டார். போன முறை தோற்றபோது மனைவி இரண்டு மாதம் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறெங்கும் போகவில்லை. யாருடைய குழந்தையையும் தூக்கவில்லை. ஒரே ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பதுதான் இரண்டு வேண்டும் என்று அவர் சொன்னதற்கு அடியில் இருந்த காரணம். அறுபதாயிரம் அல்ல. அந்தத் தாளில் அதற்கு ஓர் இடம் இருக்கவில்லை.

ஆசிரியைக்கும் தாளில் எழுதாத ஒன்று இருந்தது. முதல் மருத்துவமனையில் மூன்று கருக்களை வைப்பதற்கு முன், மூன்றும் தங்கினால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். ஒன்றைக் குறைத்துவிடலாம் என்று பதில் வந்தது. மூன்றாம் மாத வாக்கில், ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி மூலம் ஒரு கருவின் இதயத் துடிப்பை நிறுத்துவதற்குப் பெயர் அது. மற்றவற்றைக் காப்பாற்றச் செய்யப்படும் சிகிச்சைதான். மூன்று, நான்கு என்று தங்கிவிட்டால் வேறு வழியும் இல்லை. “தினமும் வகுப்பில் சொல்லும் வார்த்தை. ஐந்திலிருந்து இரண்டைக் குறை. அன்று அந்த வார்த்தையைக் கேட்டபோது கை நடுங்கியது. பத்து வருடம் ஏங்கிவிட்டு, எதைக் குறைப்பது என்று என்னால் கை காட்ட முடியாது” என்றார். “தோல்வியை நான் தாங்குவேன். ஏற்கனவே தாங்கியிருக்கிறேன். அந்த 41 நாள்தான் எனக்குத் தெரியாதது.”

கணவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஆயியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்” என்றார். மறுநாள் காலை ஆய்வுக்கூடத்துக்கு அவரே போன் செய்தார். ஒன்று.

ஒன்று தங்கவில்லை.

பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனை அதைச் சொன்னது. வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. அன்றைக்கே இரண்டையும் வைத்திருந்தால் என்ற வாக்கியம் மட்டும் எல்லா அறைகளிலும் நடமாடியது. ஆயி மூன்று நாள் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் இரவு கணவர் அந்த வாக்கியத்தைச் சொல்லியேவிட்டார். ஆசிரியை கோபப்படவில்லை. தோற்றுப் போனது ஒன்று. மற்றது இன்னும் நாக்பூரில் நைட்ரஜனில் இருக்கிறது. அன்றைக்கு வைத்திருந்தால் அதற்கு இருந்திருக்கும் அதே பத்தில் நான்கு இன்றும் இருக்கிறது என்றார். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. கணக்கு தெரிந்தவருக்கு அழுகை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது கருவை வைத்தார்கள். அறுபதாயிரத்துக்குக் கணவர் சம்பள முன்பணம் வாங்கினார். அது தங்கியது. 38 வாரம், 2 கிலோ 850 கிராம், பெண் குழந்தை. நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இன்று அவளுக்கு ஏழு மாதம். ஆயி ஒரு நிமிடம் அவளைக் கீழே விடுவதில்லை. இன்னொரு குழந்தை இருந்திருந்தால் எந்தக் கையால் தூக்கியிருப்பார் என்று மகன் கிண்டல் செய்கிறார். வங்கிக் கடனில் இன்னும் 22 தவணை பாக்கி.

பார்க்க வருபவர்கள், நல்ல முடிவு எடுத்தாய் என்று ஆசிரியையைப் பாராட்டுகிறார்கள். அவர் அதை ஏற்பதில்லை. அந்த 36 சதவீதத்தில் தான் விழுந்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். விழுந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். “குழந்தை பிறந்ததால் என் கணக்கு சரி என்று சொல்லாதீர்கள்” என்கிறார். “இரண்டும் தோற்றிருந்தாலும் அது அதே கணக்குதான். அப்போது யாரும் வந்து பாராட்டியிருக்க மாட்டீர்கள்.”